தப்பி ஓடியவர்கள்: காவல் மரண வழக்குகளில் ஒரு வாதத்தின் வரலாறு

விருத்தாசலத்தைப் பீங்கான் ஊர் என்பார்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண்ணை நம்பி அங்கே பொம்மையும் கோப்பையும் சுடும் தொழில் வளர்ந்தது. சட்ட வரலாற்றில் அந்த வட்டாரம் இடம்பெற்றதற்குக் காரணம் வேறு.

1993 மார்ச் 20ஆம் தேதியை ஒட்டி, அங்குள்ள முதனை கிராமத்தைச் சேர்ந்த குறவர் சமூகத்து ராஜாக்கண்ணுவை நகைத் திருட்டுப் புகார் ஒன்றுக்காகக் கம்மாபுரம் போலீசார் தேடினார்கள். மனைவி பார்வதியும் உறவினர்களும் நிலையத்தில் அடிக்கப்பட்டார்கள். ராஜாக்கண்ணுவும் பிடிபட்டார். பிறகு அவர் தப்பி ஓடிவிட்டதாக நிலையத்தில் சொன்னார்கள். அதே நாட்களில், அன்று திருச்சி மாவட்டத்தில் இருந்த மீன்சுருட்டி காவல் எல்லையில் அடையாளம் தெரியாத ஆண் பிணம் ஒன்று கிடந்தது. மாவட்ட எல்லை மாறினால் கோப்பும் மாறிவிடும். கம்மாபுரத்தில் ஓடிப்போனவர், மீன்சுருட்டியில் பெயரில்லாதவர்.

காணாமற்போன கைதியைப் பற்றி நீதிமன்றம் எதைக் கேட்கலாம், போலீஸ் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்விக்கு இந்திய நீதிமன்றங்கள் விடை தேட ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது. தொடக்கத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை. 1950 பிப்ரவரி 11இல் சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் ஏ.கே. கோபாலன் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டமன்றம் முறைப்படி இயற்றிய சட்டத்தின்படி ஒருவரை அடைத்து வைத்திருந்தால் அந்தச் சட்டம் நியாயமானதா என்று ஆராய்வது தன் வேலையல்ல என்ற நிலையை எடுத்தது. உள்ளே கைதிக்கு என்ன நடக்கிறது என்பது அதைவிடத் தொலைவில் இருந்தது.

நெருக்கடி நிலை அந்தத் தொலைவைக் குறைத்தது. 1976 பிப்ரவரியில் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு அடுத்த ஜனவரியில் இறந்தார். நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம் இதை விசாரித்தது. ஆனால் ஆணையம் அரசு அமைப்பது. அறிக்கையை ஏற்பதும் மூடி வைப்பதும் அரசின் விருப்பம். அடிபட்டவர் தன் உரிமையாகக் கேட்டுப் பெறக்கூடிய பரிகாரம் அதில் கிடையாது.

கேரளத்தில் ஒரு தகப்பனார் வேறு வழியில் போனார். கோழிக்கோடு பொறியியல் மாணவர் ராஜனை 1976 மார்ச் 1இல் போலீசார் பிடித்துச் சென்றனர். மத்தியில் ஆட்சி மாறியதும் அவருடைய தந்தை ஈச்சர வாரியர் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ராஜனைக் கைது செய்யவே இல்லை என்றது அரசு. பொதுவாக இத்தகைய மனுக்கள் பிரமாணப் பத்திரங்களோடு முடிந்துவிடும். அங்கே நீதிபதிகள் போற்றியும் காலிதும் சாட்சிகளை அழைத்து விசாரித்தார்கள்; மறுப்பு உடைந்தது. 1977 ஏப்ரலில் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. உயிரோடு இருப்பவரை மீட்பதற்கான மனு, இறந்தவருக்கு என்ன நேர்ந்தது என்று தோண்டும் கருவியாக மாறியது இங்கேதான் என்பது என் கணிப்பு.

1979 டிசம்பரில் திகார் சிறைக் கைதி சுனில் பத்ரா, தலைமை வார்டர் ஒருவர் சக கைதியைக் கொடூரமாக வதைத்ததைப் பற்றி எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். 1948இல் கம்யூனிஸ்டுகளுக்காக வழக்காடியதால் அவரே சிறையில் இருந்திருக்கிறார். பிறகு கேரளத்தில் சிறைத் துறை அமைச்சராகவும் இருந்தார். சிறையின் இரு பக்கத்தையும் அறிந்த நீதிபதிகள் நமக்கு அதிகம் வாய்க்கவில்லை.

1983இல் ருதுல் ஷா வழக்கில் இழப்பீடு வந்தது. விடுதலைத் தீர்ப்பு வந்த பின்னும் 14 ஆண்டுகள் அடைபட்டிருந்தவருக்கு உச்ச நீதிமன்றம் நேரடியாகப் பணம் தரச் சொன்னது. அதன் முழு வீச்சு நீலாவதி பெஹராவின் வழக்கில் தெரிந்தது. ஒடிசாவைச் சேர்ந்த அவருடைய 22 வயது மகன் போலீஸ் பிடித்த மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு பையன் தப்பினான் என்றது போலீஸ். நீதிபதிகள் இதை நம்பவில்லை. காவலில் இருந்தவன் எப்படி இறந்தான் என்று விளக்கும் பொறுப்பு அரசுடையது என்றார்கள். 1,50,000 ரூபாய் இழப்பீடு விதித்தார்கள். தீர்ப்பு நாள் 1993 மார்ச் 24. ராஜாக்கண்ணு 'தப்பி ஓடிய' அதே வாரம்.

தில்லியில் செல்லாது என்று ஒதுக்கப்பட்ட கதையைத்தான் கம்மாபுரம் அப்போது சொல்லிக்கொண்டிருந்தது. பார்வதிக்காக வழக்கறிஞர் கே. சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். உள்ளூரில் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள் அந்தக் குடும்பத்துக்குத் துணை நின்றார்கள். மீன்சுருட்டிப் பிணம் ராஜாக்கண்ணுவுடையது என்பது வெளிவந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலேயே ரத்தாகிவிட்டது. ஆனால் எங்கே நகை காணாமற் போனாலும் முதலில் குறவர் குடிசைக்குப் போகும் காவல் நிலையப் பழக்கத்தை எந்தத் தீர்ப்பும் ரத்து செய்யவில்லை. இந்த வழக்கை வைத்து 2021இல் வந்த 'ஜெய் பீம்' படம் ராஜாக்கண்ணுவை இருளராகக் காட்டியதால் இந்தத் தொடர்ச்சி பார்வையாளர்களுக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்தது.

ரிட் மனுவில் அரசே விளக்கம் தர வேண்டும் என்ற நெறி நிலைபெற்றது. 1996இல் டி.கே. பாசு தீர்ப்பு கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. கொலை வழக்கு விசாரணை வேறு உலகம். அங்கே பழைய விதிதான்: எல்லாவற்றையும் அரசுத் தரப்பு ஐயமற நிரூபிக்க வேண்டும், சாட்சியோ அதே நிலையத்தின் சுவர்களுக்குள். முதனை வழக்கில் போலீசாரின் தண்டனை குறித்த உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டுதான் சந்துரு நீதிபதியானார்.

இந்த இடைவெளியைச் சட்ட ஆணையம் 1985இலேயே கண்டது. காவலில் இருந்தவர் உடலில் காயம் இருந்தால் அதை உண்டாக்கியவர் காவலரே என நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டத்தில் 114பி என்ற பிரிவைச் சேர்க்க அதன் 113ஆம் அறிக்கை பரிந்துரைத்தது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டும் ஏற்புறுதி தரவில்லை. 2010இல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையில் தேங்கி, அந்த மக்களவையோடு காலாவதியானது. 2020இல் சாத்தான்குளம் காவல் மரணங்களின் அதிர்ச்சிக்குப் பின், அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாட்சியச் சட்டத்தையே மாற்றி எழுதி 2024 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோதும், 114பி அதில் சேர்க்கப்படவில்லை.