விம் உரைத்தொகுப்பியின் உயர்நிலைக் கட்டளைகள்: கற்றல் வரிசையும் வரலாற்று வரிசையும்

முன்னுரை

சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டுமே முழுமையாக இயக்கத்தக்க உரைத்தொகுப்பிகளுள் ‘விம்’ பரவலாக அறியப்பட்டது. மின்னுரைகளைச் செப்பம் செய்யும் ஆய்வாளருக்கு இது பெரிதும் பயன்படும். எனினும், நிலைக்காட்டியை நகர்த்தவும் எழுத்தை அழிக்கவும் கற்றதோடு நின்றுவிடுவோர் உண்டு. இக்கட்டுரையாளரும் சில காலம் அவ்வாறு நின்றவரே. உயர்நிலை எனக் கருதிப் பயிற்சிநூல்கள் பின்னுக்குத் தள்ளும் கட்டளைகளுள் இன்றியமையாதன சில, காலத்தால் மிக முற்பட்டவை. அவ்வரலாற்றை அறியாது கற்பதே அவற்றைக் கடினமாக்குகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

தாளில் திருத்திய காலம்

கென் தாம்சன் 1969இல் பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் இயங்குதளத்திற்கென ‘எட்’ தொகுப்பியை எழுதினார். அன்று அவர் முன் இருந்தது திரை அன்று. டெலிடைப் எனப்படும் தொலைத்தட்டச்சுப் பொறி. அக்காலத்தில் பெருவழக்காக இருந்த டெலிடைப் 33 நொடிக்கு 10 எழுத்துகளையே தாளில் அச்சிடும். இரண்டாயிரம் எழுத்துகள் கொண்ட ஒரு பக்கத்தைக் காண மூன்று நிமிடத்திற்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆகவே, உரையைக் காணாமலே வரி எண்ணாலும் சொல்வடிவாலும் சுட்டித் திருத்தும் முறை தேவைப்பட்டது. பிழை நேர்ந்தால் எட் ஒரு கேள்விக்குறியை மட்டுமே அச்சிடும். இதனைக் கடுமை என்று பழிப்பவர் உளர். ஒவ்வோர் எழுத்துக்கும் நேரம் செலவான சூழலில் அதனைச் சிக்கனம் என்பதே பொருந்தும்.

எட் தொகுப்பியின் பொதுக்கட்டளை இங்குத் தனித்துக் குறிப்பிடத்தக்கது. ‘ஜி’ என்னும் எழுத்தும், இரு சாய்கோடுகளுக்கு இடையே ஒரு சொல்வடிவும், இறுதியில் ஒரு செயலும் அமைந்தால், அவ்வடிவம் பொருந்தும் வரிகள் அனைத்திலும் அச்செயல் நிகழும். செயலாக அச்சிடலைக் குறிக்கும் ‘பி’ அமையும்போது பொருந்திய வரிகள் மட்டும் தாளில் வரும். இக்கட்டளை வடிவிலிருந்தே ‘கிரெப்’ என்னும் புகழ்பெற்ற தேடற்கருவி தன் பெயரைப் பெற்றது. சொல்வடிவைக் குறிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் முறையைத் தாம்சன் அதற்கு முன்பே ‘கியூஇடி’ தொகுப்பியில் சேர்த்திருந்தார்; அதற்கான தேடல் வழிமுறையை 1968இல் கட்டுரையாகவும் வெளியிட்டார்.

திரையின் வருகை

இலண்டன் குயின் மேரி கல்லூரியில் ஜார்ஜ் குலூரிஸ் 1970களின் நடுவில் ‘எம்’ தொகுப்பியை உருவாக்கினார். எட் மானிடருக்கு எளிதன்று என்னும் கேலி அதன் பெயரிலேயே உண்டு. அதனைக் கண்ட தாம்சன், திருத்தும்போது கோப்பின் நிலையைக் காணும் தேவை தமக்கில்லை என்ற கருத்தில் பேசியதாகக் குலூரிஸ் பின்னர் நினைவுகூர்ந்துள்ளார். தாளில் திருத்திப் பழகிய ஒருவரின் மனநிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

எம் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தை அடைந்தபோது, அங்கிருந்த பில் ஜாயும் சக் ஹேலியும் அதன் தூண்டுதலால் ‘எக்ஸ்’ தொகுப்பியை ஆக்கினர். அதன் திரைவடிவமே ‘விஐ’. 1979இல் வெளியான இரண்டாம் பெர்க்லித் தொகுதியில் அது தனிப்பெயருடன் இடம்பெற்றது. ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் எச், ஜே, கே, எல் விசைகளின்மீதே அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. இன்றைய மாணவர் காரணம் அறியாது மனனம் செய்யும் நான்கு எழுத்துகளின் பிறப்பு இதுவே. நொடிக்கு 300 பிட் அனுப்பும் மோடத்தில், அதாவது நொடிக்கு 30 எழுத்து வீதத்தில், 24 வரியும் 80 எழுத்தும் கொண்ட திரையை நிரப்ப 64 நொடிகள் ஆகும். ஒற்றையெழுத்துக் கட்டளைகளும், கட்டளைநிலை, உள்ளிடுநிலை என்னும் பிரிவும் இத்தடையோடு நன்கு பொருந்தின.

தடை நீங்கியபின் அவை தேவையற்றன என்பது ஒரு சாரார் வாதம். தோற்றத்தின் காரணமும் நிலைபேற்றின் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை அவ்வாதம் கருதுவதில்லை. விஐயில் செயலும் நகர்வும் இணைந்து தொடராகின்றன: அழித்தலைக் குறிக்கும் விசையை அடுத்துச் சொல்லைக் குறிக்கும் விசை வந்தால் சொல் அழியும்; பத்தியைக் குறிக்கும் விசை வந்தால் நிலைக்காட்டியிலிருந்து பத்தியின் இறுதிவரை அழியும். ஒரு புதிய நகர்வைக் கற்பவர் தாம் அறிந்த செயல்களோடெல்லாம் அதனைச் சேர்க்க இயலும். (இங்கு வினை முன்னும் பொருள் பின்னும் வருவது தமிழின் இயல்பான தொடரமைப்புக்கு மாறானது. பிராம் மூலேனார் விம் தொகுப்பியில் அமைத்த தேர்வுநிலையில் பகுதியை முதலில் குறித்துப் பின்னர்ச் செயலைக் கூறலாம். நமக்கு அது இயல்பாகப் படுகிறது.)

கற்றலின் தலைகீழ் வரிசை

மூலேனார் 1991இல் பொதுவெளிக்குத் தந்த விம் பல புதுமைகளைச் சேர்த்தது. 2006ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பில் வந்த கிளைவிடும் மீள்திருத்த வரலாறு அவற்றுள் ஒன்று. உயர்நிலைக் கூறுகள் யாவும் பழையன அல்ல. ஆயினும் முக்காற்புள்ளி விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் பயனர் எக்ஸ் வழியாக எட் காலத்திற்கே செல்கிறார். விம்முடன் வரும் ‘விம்டியூட்டர்’ பயிற்சி ஏறத்தாழ அரை மணிநேரத்திற்குரியது. அது நான்கு நகர்வு விசைகளில் தொடங்குகிறது. பொதுக்கட்டளையோ பயனர் கையேட்டின் பத்தாம் இயலில்தான் விளக்கம் பெறுகிறது. இதனால் 1969இன் கருவி இறுதியிலும் 1970களின் கருவி முதலிலும் கற்பிக்கப்படுகின்றன.

வருடப்பட்ட நூலொன்றின் மின்னுரையில் பக்க எண்கள் தனிவரிகளாகச் சிதறிக் கிடந்தபோது, இக்கட்டுரையாளர் அவற்றை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். எண்ணன்றி வேறெதுவும் இல்லாத வரிகளை நீக்குமாறு கூறும் ஒரே பொதுக்கட்டளை அவ்வேலையை முடித்தது. திரையைப் பார்த்துத் திருத்தும் பழக்கமே அதுவரை தடையாக இருந்தது.

தமிழ் உள்ளீடு

கட்டளைகள் உரோமன் எழுத்தில் அமைந்தமையால் தமிழ் எழுதுவோருக்கு ஒரு கூடுதல் இடர் உண்டு. இயங்குதளத்தின் தமிழ் விசைப்பலகை இயங்கும்போது கட்டளைநிலைக்குத் திரும்பினால், விசைகள் தமிழ் எழுத்துகளையே அனுப்பும், கட்டளை நிறைவேறாது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஜிப்சி தொகுப்பியை உருவாக்கியோருள் ஒருவரான லாரி டெஸ்லர் நிலைப்பிரிவையே வாழ்நாள் முழுதும் எதிர்த்தார். அவ்வெதிர்ப்பின் நியாயம் இவ்விடத்தில் நன்கு புலப்படும். விம்முக்குள்ளேயே இயங்கும் விசைவரைவு வசதி இதற்குத் தீர்வு தருகிறது. யூனிகோடுக்கு முற்பட்ட தஸ்கி குறியேற்றத்திற்கான தமிழ்க் கோப்பும் விம்முடன் வழங்கப்பட்டுள்ளது. இவ்வசதியில் உள்ளிடுநிலையில் மட்டுமே தமிழ் வரும். கட்டளைநிலையில் விசைகள் உரோமனாகவே நிற்கும். ஆனால் வரியில் ஓர் எழுத்தைத் தேடும் ‘எஃப்’ கட்டளைக்குப் பின் அழுத்தப்படும் விசை மட்டும் மீண்டும் தமிழாகும்.