சிறார் மூட்டழற்சி: நோயின் தீவிரத்தை அளவிடும் முறைகளின் வரலாறு

16 வயது நிறைவதற்குள் தொடங்கி, காரணம் அறியப்படாத நிலையில் குறைந்தது 6 வாரங்கள் நீடிக்கும் மூட்டழற்சி, இளம்பருவ மூட்டழற்சி எனப்படுகிறது. இந்நோயின் தீவிரத்தை எந்த ஒரு தனிச் சோதனையாலும் அறிய இயலாது. மூட்டு வீங்கியிருக்கும்போதே குருதிச் சோதனை இயல்பாக இருக்கலாம். சிறு குழந்தை வலியைச் சொல்லாமல், நடப்பதையே குறைத்துக்கொள்ளலாம். எனவே இந்நோயை அளவிட நம்பகமான முறை ஒன்றைக் கண்டறிய நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தொடக்க காலம்

இலண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டில், 1897இல் 22 சிறாரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். காய்ச்சல், நிணநீர்க்கணு வீக்கம், மண்ணீரல் வீக்கம் ஆகியவை மூட்டு நோயுடன் சேர்ந்து வருவதை அவர் விளக்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தின் டாப்ளோ மருத்துவமனையில் எரிக் பைவாட்டர்சும் பார்பரா ஆன்செலும் இத்தகைய சிறாரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். எனினும் நோய் குறைந்ததா கூடியதா என்பது பெரும்பாலும் மருத்துவரின் தனிப்பட்ட கணிப்பாகவே இருந்தது.

பொது அளவுகோல்

மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளின் ஆய்வுகள் பெருகியபோது, ஒவ்வோர் ஆய்வும் வெவ்வேறு அளவைப் பயன்படுத்தியதால் முடிவுகளை ஒப்பிட முடியவில்லை. 1997இல் எட்வர்ட் ஜியானினி குழுவினர் ஆறு கூறுகளைக் கொண்ட தொகுப்பை வெளியிட்டனர்.

1. மருத்துவரின் ஒட்டுமொத்த மதிப்பீடு
2. பெற்றோர் அல்லது குழந்தையின் ஒட்டுமொத்த மதிப்பீடு
3. அன்றாடச் செயல்திறன்
4. அழற்சியுள்ள மூட்டுகளின் எண்ணிக்கை
5. அசைவு குறைந்த மூட்டுகளின் எண்ணிக்கை
6. செங்குருதியணு படிவு வீதம் (ஈ.எஸ்.ஆர்.)

இவற்றுள் மூன்றிலேனும் 30 விழுக்காடு முன்னேற்றம் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவை 30 விழுக்காட்டுக்கு மேல் மோசமாகியிருக்கக் கூடாது. செயல்திறனை அறிய, உடுத்துதல், உண்ணுதல், நடத்தல் போன்றவற்றைக் கேட்கும் வினாத்தாள் 1994இலேயே வந்திருந்தது. எட்டனர்செப்ட் மருந்தைச் சிறாரிடம் சோதித்து 2000இல் வெளியான ஆய்வு இவ்வளவுகோலையே கையாண்டது. அதன் முதற்கட்டத்தில் 69 பேரில் 51 பேர் முன்னேற்றம் கண்டனர்.

முன்னேற்றத்திலிருந்து தணிவு நோக்கி

முன்னேற்றம் என்பது நோயின்மை ஆகாது. பத்து மூட்டுகளில் மூன்று தேறினாலும் ஏழு வீங்கியே இருக்கும். 2004இல் கரோல் வாலஸ் குழுவினர் 'செயலற்ற நோய்' என்பதை வரையறுத்தனர். அதன்படி அழற்சியுள்ள மூட்டு எதுவும் இருக்கக் கூடாது. நோயால் வரும் காய்ச்சலோ தடிப்போ இருக்கக் கூடாது. குருதியில் அழற்சிக் குறியீடு இயல்பாக இருக்க வேண்டும். கண்ணின் உள்ளழற்சியும் இருக்கக் கூடாது. இக்கண் அழற்சி சிவப்போ வலியோ இன்றியே பார்வையைப் பறிக்கக்கூடியது என்பதால் பிளவு விளக்குச் சோதனை இன்றியமையாதது. மருந்துடன் தொடர்ந்து 6 மாதங்களோ, மருந்தின்றி 12 மாதங்களோ இந்நிலை நீடித்தால் அது தணிவு எனப்பட்டது. 2011இல், காலை விறைப்பு 15 நிமிடங்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் சேர்க்கப்பட்டது.

ஜடாஸ் மதிப்பெண்

மேற்கண்ட முறைகள் மாற்றத்தையோ நோயின்மையையோ காட்டின. இன்றைய தீவிரத்தை ஒரே எண்ணில் கூறவில்லை. பெரியவர்களுக்கான 28 மூட்டுக் கணக்கும் பொருந்தவில்லை. சிறாரை அதிகம் தாக்கும் கணுக்கால் அதில் இல்லை. 2009இல் அலெஸ்ஸாண்ட்ரோ கொன்சோலாரோ, ஆஞ்சலோ ரவெல்லி உள்ளிட்டோர் 'ஜடாஸ்' என்னும் மதிப்பெண்ணை அறிமுகப்படுத்தினர். மருத்துவர் மதிப்பீடு (0–10), பெற்றோர் மதிப்பீடு (0–10), அழற்சியுள்ள மூட்டுகள், 0–10 ஆக மாற்றிய ஈ.எஸ்.ஆர். ஆகிய நான்கின் கூட்டுத்தொகையே அது. ஈ.எஸ்.ஆர். அளவிலிருந்து 20ஐக் கழித்துப் பத்தால் வகுப்பர். எடுத்துக்காட்டாக, மருத்துவர் 3, பெற்றோர் 4, மூட்டுகள் 5, ஈ.எஸ்.ஆர். 40 எனில் மதிப்பெண் 3+4+5+2=14. பத்து மூட்டுகள் வரை எண்ணும் வடிவத்தில் உச்ச மதிப்பு 40. குருதிச் சோதனை தேவைப்படாத எளிய வடிவமும் பின்னர் வந்தது.

இன்றைய பயன்பாடு

2018இல் வெளியான பன்னாட்டுப் பரிந்துரைகள், 3 மாதங்களில் நோய்த்தீவிரம் பாதியாகவேனும் குறைய வேண்டும் என்றும் 6 மாதங்களில் இலக்கை எட்ட வேண்டும் என்றும் கூறின. எட்டாவிடில் சிகிச்சை மாற்றப்பட வேண்டும். மருத்துவரும் பெற்றோரும் தரும் மதிப்பீடுகள் சிலவேளை வேறுபடும். அழற்சி அடங்கிய பின்னும் குழந்தைக்கு வலி இருக்கலாம். வலியின்றியே அழற்சி தொடரலாம். ஆகவே கூட்டுத்தொகை உயரும்போது, அதன் எந்தக் கூறு உயர்ந்தது என்று பார்த்த பின்னரே மருந்தைக் கூட்டுவதா என முடிவு செய்ய வேண்டியுள்ளது.