சுத்தியல் விரலுக்குரிய அறுவைச் சிகிச்சைகள்

சுத்தியல் விரல் என்பது, பெருவிரல் ஒழிந்த ஏனைய கால்விரல்களுள் ஒன்று, பெரும்பாலும் இரண்டாம் விரல், தன் நடுக்கணுவில் கீழ்நோக்கி மடங்கி நிலைத்துவிடும் விகாரமாகும். புடைத்த கணுவில் செருப்பின் வார் உராய்ந்து கால் ஆணி தோன்றும்; விரல் நுனி தரையில் அழுந்தித் தோல் காய்த்துப் புண்ணாகவும் கூடும். முனை குறுகிய காலணி, இயல்பிலேயே நீண்ட இரண்டாம் விரல், அதன்மேல் சாய்ந்து நெருக்கும் பெருவிரல், பாதத்தின் சிறு தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய்கள் ஆகியவை இதன் பிரதான காரணங்கள்.

முனை அகன்ற காலணியும் மெத்தைப் பட்டையும் வலியைத் தணிக்குமாயின் அறுவைச் சிகிச்சை அவசியமில்லை. அவற்றால் நிவாரணம் கிட்டாதபோது, எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பதை மருத்துவர் தம் கைவிரலால் நிர்ணயிக்கிறார்: மடங்கிய கணுவை அழுத்தினால் விரல் நிமிருமாயின் அது நெகிழ்நிலை, நிமிராது விறைத்து நிற்குமாயின் இறுகுநிலை.

நெகிழ்நிலையில் எலும்பைத் தொட வேண்டுவதில்லை. விரலின் அடிப்புறத்தில் சிறு துளையிட்டு மடக்கு தசைநாணை வெட்டிவிடுதல் எளிய முறை. நீரிழிவால் உணர்ச்சி குன்றிய பாதத்தில் விரல் நுனிப் புண் ஆறுவதற்கும் இது பெரிதும் உதவுகிறது. அத்தசைநாணையே விரலின் மேற்புறத்துக்கு மாற்றித் தைத்து, மடக்கிய விசையைக் கொண்டே விரலை அடிமூட்டில் தாழ்த்தி நிறுத்துவது மற்றொரு முறை. இறுகுநிலையில், மடங்கிய விரலின் முதல் எலும்பின் தலைப்பகுதியைச் சிறிது நறுக்கிக் கணுவைத் தளர்த்துவர். அல்லது இரு எலும்பு முனைகளையும் செதுக்கிப் பொருத்தி ஒன்றாக இணையச் செய்வர். விரலின் அடிமூட்டும் விலகியிருந்தால், நீட்டு தசைநாணை நீளமாக்குவதோடு, பாத நீளெலும்பை வெட்டிக் குறுக்கவும் நேரும். விரலை நேராக நிறுத்தச் செலுத்தும் மெல்லிய கம்பியைப் பொதுவாக 3 முதல் 6 வாரங்களில் எடுத்துவிடுவர். வீக்கம் பல மாதங்கள் நீடிப்பதும் உண்டு. தொற்று, விகாரம் மீண்டும் தோன்றுதல், விரல் தரையைத் தொடாது உயர்ந்து நிற்றல், அரிதாக இரத்த ஓட்டம் தடைப்படுதல் ஆகியவை நேரக்கூடிய இடர்கள். ஆதலின் பாதத்தின் நாடித்துடிப்பையும் தொடு உணர்ச்சியையும் முன்னரே சோதித்தல் இன்றியமையாதது.

தமிழ்நாட்டில் இத்துறைக்குத் தனிச் சரித்திரம் உண்டு. தொழுநோயால் கணுக்காலின் உட்புறம் செல்லும் நரம்பு கெடும்போது விரல்கள் அனைத்தும் கொக்கியாக வளைகின்றன. 1914இல் கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்ற பால் பிராண்டு, தொழுநோயாளர் விரலிழப்பதற்கு உணர்ச்சியற்ற நிலையில் நேரும் காயங்களே முக்கிய காரணம் என்று நிறுவி, தசைநாண் மாற்றுச் சிகிச்சைகளை அங்கே வளர்த்தார். 1955இல் வேலூருக்கு அருகே தோன்றிய கரிகிரி தொழுநோய் நிலையமும், செங்கற்பட்டை அடுத்த திருமணியிலுள்ள மத்திய தொழுநோய் நிறுவனமும் அம்மரபைத் தொடர்ந்தன. நுண்துளை இரப்பரால் அமைந்த எம்.சி.ஆர். செருப்பு, உணர்ச்சியற்ற பாதங்களைக் காப்பதில் இன்றும் முதன்மையானது. விரலை நிமிர்த்தியபின் மீண்டும் புண் வாராது தடுப்பதும் அத்தகைய காலணியே.

விழுப்புரம் மாவட்டத்தின் திண்டிவனம், பிரம்மதேசம் முதலிய ஊர்களில் வெறுங்காலுடன் சேற்றிலும் வரப்பிலும் உழைப்போர், விரல் மடங்குதலை அற்பமென எண்ணிக் கால் ஆணியைப் பிளேடால் சீவிக்கொள்வது பெருங்கேடு. மதமதப்போ, ஆறாத புண்ணோ சேர்ந்திருப்பின் காலந்தாழ்த்தாது திண்டிவனம் அரசு மருத்துவமனையையோ, முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ நாட வேண்டும். இச்சிகிச்சையின் பயன் விரலின் அழகில் இல்லை. வலியும் புண்ணுமின்றி நடக்கவல்ல பாதத்தில் இருக்கிறது. விரல் நெகிழ்ந்திருக்கும்போதே வருவோருக்கு அப்பயன் எளிதில் கிட்டும்.