கரையேறிய கலமும் பருவக் காற்றும்
(மன்னார்க் கரையோரம் பற்றிய ஒரு நோக்கு)

ஊர்திக்கு ஊறு நேர்வது அது ஓடும்போதே என்று கருதுவது இயல்பு. ஆயினும், ஓடாமல் வெட்டவெளியில் நிற்கும் காலமும் அதற்குக் கேடுடையதே. குளிர்நாட்டார் கூரையின்றி நிறுத்தும் மோட்டார் வண்டியின் குளிர்நீரில் உறையெதிர்ப்பி கலப்பதும், பொறியை மின்சாரத்தால் வெப்பமூட்டி வைப்பதும் இதனாலேயாம். உறைபனி அறியாத மன்னாரில் இதே இடர் வேறு வடிவில் எழுந்தது. இங்கு ஊர்தி வள்ளம். பகை உப்பும் வெயிலும் புழுவும்.

மன்னார்த் தீவின் தென்புறம் மன்னார் வளைகுடா. வடபுறம் பாக்குக் கடல். ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் தென்கரையை மோதும். மாரியில் வாடை வடகரையைத் தாக்கும். சங்கச் சான்றோர்க்கு வாடை குளிரின் பெயர். மன்னார்க் கடலோடிக்கோ அது அலையின் பெயர். இவ்விரு காற்றுகளுக்கும் இடைப்பட்ட அமைதியிலேயே, பெப்ரவரியை அடுத்த மாதங்களில், அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளில் முத்துக்குளிப்பு நிகழ்ந்தது. கொந்தளிக்கும் பருவத்தில் கலம் கரையேறியாக வேண்டும்.

இந்துமாக்கடற் கலங்களில் இரும்பாணி இன்றிக் கயிற்றால் பலகை பிணைத்தவை பல. இதற்குக் கடலடிக் காந்தப் பாறைகளே காரணம் எனப் பரவிய கதையை 6ஆம் நூற்றாண்டிலேயே புரொக்கோப்பியசு என்னும் வரலாற்றாசிரியர் மறுத்துள்ளார். பாரசீக வளைகுடாவின் ஓர்முசில் கயிற்றால் தைத்த கலங்களுக்கு மீனெண்ணெய் பூசப்பட்டதை 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ பதிவு செய்தார். கயிறு துருப்பிடிப்பதில்லை, எண்ணெய் மரத்தினுள் நீர் புகுவதைக் குறைக்கும்.

கரையேற்றுவதிலும் நுட்பம் உண்டு. நீரிலேயே கிடக்கும் மரத்தைக் கப்பற்புழு துளைத்து உட்கூடாக்கும். புழு எனப்படினும் அது சிப்பி இனத்தைச் சார்ந்த உயிர். மரம் நன்கு உலர்ந்தால் மடியும். ஆனால் அவ்வுலர்ச்சியே அளவு மீறினால் பலகை வெடித்துப் பொருத்து விலகும். உலர்த்தவும் வேண்டும், உலராது காக்கவும் வேண்டும் என்னும் இம்முரணுக்குக் கிடைத்த எளிய விடை கிடுகு. அது வெயிலைத் தடுத்துக் காற்றை விடும். பொருத்துகளில் நார் திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் இட்டு அடைப்பது கலப்பற்று எனப்பட்டது. கட்டுமரமோ கட்டவிழ்த்து மணலில் உலர்த்தப்பட்டது.

இப்பேணுகைக்கும் எல்லை உண்டு. 1964 டிசெம்பர் 22, 23ஆம் நாள்களில் தனுக்கோடியை அழித்த புயல் மன்னார்க் கரையையும் தாக்கியது. அத்தகைய சீற்றத்தின் முன் கிடுகு எம்மாத்திரம்! பின்னர், 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் கடற்றொழில் தடைகளும் இடப்பெயர்வும் கலத்தையும் அதனைப் பேணிய கையையும் பிரித்தன. ஆண்டுதோறும் பராமரிக்க வேண்டிய மரம், பராமரிப்பார் இன்றேல் தானே அழியும்.

இன்று கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டன. புழு அவற்றைத் துளைப்பதில்லை. எனவே மரத்தின் இயல்பறிந்த கைவன்மைக்கும் தேவை குறைந்துவிட்டது. அதனை அறிந்தோர் வாழுங்காலத்தே அவர்தம் சொற்களையும் செய்முறைகளையும் பதிவு செய்தல் வரலாற்று மாணவர்க்கு உரிய கடமையாகும். மன்னாரின் வரலாறு கோட்டையிலும் முத்திலும் மட்டுமன்று, கிடுகின் நிழலிலும் கிடந்தது.