ஞாயிறு இரண்டு முதல் நான்கு வரை

எங்கள் மகள் லண்டனில் பிறந்த அன்றே அவளுடைய உதடுகள் நீலம் பாரித்தன. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய இரத்தக் குழாய்களும் இடம் மாறியிருந்தன. எட்டாம் நாள் அறுவை சிகிச்சை. அதுவரை ஒரு மருந்துச் சொட்டுதான் அவளைப் பிழைக்க வைத்துக்கொண்டிருந்தது.

கட்டிலருகே பெற்றோருக்கென்று ஒரு சாய்வு நாற்காலி போட்டிருந்தார்கள். மனைவி தையல் வலியோடு அதில் உட்கார்ந்திருப்பாள். நான் கீழே காபிக் கடையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, அவசரமில்லாத வேலைகளை அவசரமாகச் செய்துகொண்டிருந்தேன். திருச்சியிலிருந்து அம்மா போனில், "தூங்குற குழந்தைகிட்ட நீ போய் உட்கார்ந்து என்னப்பா செய்யப்போற?" என்றாள். எனக்கு அது வசதியாக இருந்தது.

வயதான நர்ஸ் ஒருவர்தான் கலைத்தார். "எங்கம்மாவும் நர்ஸ். அவர் காலத்தில் நீங்கள் கெஞ்சினாலும் உள்ளே விட்டிருக்கமாட்டார்கள். இப்போது விடுகிறோம், நீங்கள் வருவதில்லை" என்றார். அன்றிரவு அந்தக் காலத்தைத் தேடிப் படித்தேன்.

நீலக் குழந்தைகளுக்கான முதல் அறுவை சிகிச்சை 1944 நவம்பரில் அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்தது. யோசனை ஹெலன் டாசிக் என்ற குழந்தை மருத்துவருடையது. கத்தி ஆல்ஃபிரட் பிளேலாக்குடையது. ஆய்வுக்கூடத்தில் வழிமுறையைச் செய்து பழகி, அன்று பிளேலாக்கின் பின்னால் நின்று வழிசொன்னவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பின உதவியாளர். 1947இல் பிளேலாக் லண்டன் வந்து கைஸ் மருத்துவமனையில் அதே சிகிச்சையைச் செய்துகாட்டினார். மறு ஆண்டு அங்கேயே ரஸ்ஸல் பிராக், துடிக்கும் இதயத்துக்குள் கருவியைச் செலுத்திக் குறுகிய வால்வைத் திறந்தார்.

அதே கைஸில், 1949இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி, பெற்றோர் குழந்தையைப் பார்க்கும் நேரம் ஞாயிறு இரண்டு முதல் நான்கு வரை. செயின்ட் தாமஸில் முதல் மாதம் பார்க்கவே முடியாது. மாலை ஏழு முதல் எட்டுவரை, தூங்கும் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம். இதயத்துக்குள் நுழைய முடிந்த இடத்தில் தாயால் வார்டுக்குள் நுழைய முடியவில்லை.

அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். தொற்றுநோய்ப் பயம் இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு: தாய் வந்துபோனால் குழந்தை அழும், வராவிட்டால் சில நாளில் அடங்கிவிடும். அடங்கிய குழந்தை பழகிவிட்டது என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். போர்க்காலத்தில் அன்னா ஃபிராய்டின் குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலன் பார்த்தவர். பின்பு லண்டன் டாவிஸ்டாக் மருத்துவ மையத்தில் ஜான் போல்பியிடம் வேலைக்குச் சேர்ந்தார். படமெடுத்துப் பழக்கமில்லாத அவர் ஒரு கேமராவை வாங்கி, சிறிய அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டரை வயதுச் சிறுமியைப் படமெடுத்தார். அழும் நேரத்தை மட்டும் பொறுக்கியெடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, தினமும் குறித்த நேரத்தில், கடிகாரமும் சட்டகத்தில் தெரியும்படி எடுத்தார். 1952இல் திரையிட்டபோது மருத்துவர்கள் கோபப்பட்டார்கள். படம் காட்டியது அழுகையை அல்ல, அடக்கத்தை. அந்த அமைதி பழக்கமல்ல, நம்பிக்கையிழப்பு என்றார் ராபர்ட்சன்.

1959இல் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு, பெற்றோருக்கு நேரக் கட்டுப்பாடு கூடாதென்று பரிந்துரைத்தது. பரிந்துரை உடனே நடைமுறையாகிவிடவில்லை. 1961இல் பாட்டர்சீயில் சில இளம் தாய்மார்கள் சங்கம் அமைத்து, வார்டு வார்டாக வற்புறுத்தினார்கள். என் மகளின் கட்டிலருகே நாற்காலி வந்தது இப்படித்தான். அவளுக்குச் செய்யவிருந்த, குழாய்களை இடம் மாற்றித் தைக்கும் சிகிச்சை, 1975இல் பிரேசிலில் அடிப் ஜாதேனே முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தது. இரண்டுமே யாரோ போராடிப் பெற்றவை. ஒன்றைக் கைநீட்டி வாங்கிக்கொண்டு மற்றதைக் காலியாக விட்டிருந்தேன்.

மறுநாள் காலை மடிக்கணினியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். நர்ஸ் பஞ்சை நனைத்துக் கையில் கொடுத்து, வாயைத் துடைக்கச் சொன்னார். துடைத்தேன். மகள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு அன்றிரவு பதில் சொன்னேன்: "ஒண்ணும் செய்யலம்மா. கூட இருந்தேன்."