யுனிக்ஸ் முறைமையும் தொடக்கக் கற்போரும்

கருவி ஒன்றை ஆக்கியோர், அதனைப் புதிதாகப் பயில்வோரின் இடர்ப்பாட்டை எளிதில் உணர்வதில்லை. கணனியின் பணிசெயல் முறைமைகளுள் ஒன்றாகிய யுனிக்ஸின் வரலாறு இவ்வுண்மைக்கும், அவ்விடர்ப்பாட்டைக் களைய எழுந்த முயற்சிகளுக்கும் ஒருங்கே சான்றாகின்றது.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் 1969 ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கிய இம்முறைமையின் முதற் கைந்நூல், 1971 நவம்பர் 3 ஆந் திகதியைத் தாங்கி வெளிவந்தது. கட்டளைகள் யாவும் அகரவரிசையிற் சுருங்கிய சொற்களால் விளக்கப்பட்டிருந்தன. அவற்றின் குறைபாடுகளையும் ஒளியாது கூறியமை அந்நூலின் நேர்மையைக் காட்டும். ஆயினும் அஃது அகராதியை ஒத்தது. தேடுஞ் சொல்லை அறிந்தவனுக்கே அகராதி உதவும். கட்டளையின் பெயரையே அறியாதவன் எப்பக்கத்தைப் புரட்டுவான்?

இக்குறையை நிரப்பும் வகையில் பிறையன் கேணிகன் 'தொடக்கக் கற்போருக்கான யுனிக்ஸ்' எனும் சிறு வழிகாட்டியை 1970களில் எழுதினார். முறைமையினுள் நுழைவது எவ்வாறு, பிழையாகத் தட்டிய எழுத்தை அழிப்பது எவ்வாறு, அவ்வேளை முறைமையைப் பயன்படுத்தும் ஏனையோர் யாவர் என அறிவது எவ்வாறு என்பவற்றிலிருந்து அது தொடங்கிற்று. பின்னரே கோப்புகளை ஆக்குதல், ஒரு கட்டளையின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக்குதல் முதலியன இடம்பெற்றன. வாசிப்பும் செய்கையும் இணைந்து செல்லுதலே அதன் முறையாகும்.

இதனினும் ஒருபடி மேலே சென்றது, கேணிகனும் மைக்கேல் லெஸ்கும் ஆக்கிய 'லேர்ன்' எனும் நிரல். 1979 இல் வெளியான ஏழாம் பதிப்பில் அது இடம்பெற்றது. பாடத்தை எழுத்திற் காட்டி, மாணவனை உண்மையான கட்டளைகளையே தட்டச் செய்து, விளைவைச் சோதித்தது. பிழைத்தவனுக்கு மீண்டும் முயல வாய்ப்பளித்தது.

முரண் யாதெனில், பயன்படுத்தக் கற்பித்த அதே ஏழாம் பதிப்பின் உரிமஒப்பந்தமே, மூலநிரலை வகுப்பறைகளிற் கற்பிப்பதைத் தடைசெய்தது. அதற்கு முன்னர், அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலே ஜோன் லயன்ஸ், ஆறாம் பதிப்பின் மூலநிரலுக்கு உரையொன்று எழுதி 1977 இல் மாணவருக்கு வழங்கியிருந்தார். அவ்வுரை 1996 வரை வெளிப்படையாகப் பதிப்பிக்கப்படவில்லை. எனினும், நிழற்படப் பிரதிகளாகக் கைமாறிப் பல நாடுகளிலும் பயிலப்பட்டது. தடையினால் வகுப்பறையில் ஏற்பட்ட வெற்றிடத்தை நிரப்ப, அன்ட்ரூ தனன்பாம் கற்பித்தலுக்கெனவே மினிக்ஸ் முறைமையை ஆக்கி, 1987 இல் நூலுடன் வெளியிட்டார். அந்நூலைப் பயின்ற பின்லாந்து மாணவர் லினஸ் தோவால்ட்ஸ் 1991 இல் லினக்ஸைத் தொடக்கினார்.

கற்போனின் கையைப் பிடித்து நடத்திய வழிகாட்டிகள் பயனாளரை உருவாக்கின. உள்ளமைப்பைத் திறந்து காட்டிய நூல்களோ ஆக்குவோரை உருவாக்கின. இவ்விரண்டும் ஒருங்கே கிடைக்கும் இடத்திலேயே கல்வி நிறைவுறும் என்பது இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.