கோல்கொண்டா இதழும் நம் ஆண்டு மலரும்

ஐதராபாத் வாழ் தமிழ்க் குடும்பத்தார் இம்மலரைக் கையில் பெற்றவுடன் முதற்கண் புரட்டும் பக்கம் எது என்பதை நாம் நன்கறிவோம். அது தலைவரின் முன்னுரையன்று. நம்மனோர் எழுதும் வரலாற்றுக் கட்டுரையும் அன்று. தேர்வில் சிறந்த சிறுவர் சிறுமியரின் பெயர்கள் அச்சேறிய பக்கமே அது. தம் பிள்ளையின் பெயர் உளதா, உளதேல் பிழையின்றி உளதா என்று கண்ட பின்னரே ஏனைய பக்கங்கட்கு வாழ்வு. இதனை நாம் குறையாகக் கூறவில்லை. இதே நகரில் பெயர்களைத் திரட்டி வெளியிட்ட ஓர் இதழ் ஒரு மொழியின் மானத்தையே காத்தது. அவ்வரலாற்றை நம் குடும்பங்கள் அறிதல் நன்று.

நிசாம் ஆட்சிக் காலத்து ஐதராபாத்தைப் பற்றி வெளியுலகம் கேட்ட செய்திகள் மிகச் சில. 1908 செப்டம்பர் 28ஆம் நாள் மூசியாறு பெருக்கெடுத்துப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டு சென்றது, அது செய்தியாயிற்று. 1937 பிப்ரவரியில் அமெரிக்க நாட்டு டைம் இதழ் நிசாமின் உருவத்தை அட்டையில் பொறித்து உலகின் பெருஞ்செல்வர் என்றது, அதுவும் செய்தியாயிற்று. ஒன்று வெள்ளம், மற்றொன்று கருவூலம். இவ்விரண்டிற்கும் இடையே வாழ்ந்த மக்களின் அறிவும் புலமையும் செய்தியாகவில்லை.

அம்மக்களுள் ஏறத்தாழப் பாதியினர் தெலுங்கு பேசுவோர். ஆயினும் ஆட்சிமொழி உருது. 1918இல் தோன்றிய உஸ்மானியாப் பல்கலைக்கழகம் இந்திய மொழியொன்றில் உயர்கல்வி அளித்த பெருமைக்குரியது. எனினும் அம்மொழியும் உருதுவே. தெலுங்கிற்கெனச் சுல்தான் பஜார்ப் பகுதியில் 1901இல் எழுந்த ஸ்ரீ கிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையம் என்னும் நூலகம் ஓர் அகல் விளக்குப்போல் இருந்தது.

1921 நவம்பரில் இந்நகரின் விவேகவர்த்தினி அரங்கில் சமூகச் சீர்திருத்த மாநாடு ஒன்று கூடிற்று. தலைமை தாங்கியவர் மகரிஷி கார்வே. பிற மொழிகளிலே பலரும் பேசினர், அவை கேட்டது. அல்லம்பல்லி வேங்கடராமராவ் என்னும் வழக்கறிஞர் எழுந்து தெலுங்கிற் பேசத் தொடங்கினார், அவை நகைத்தது, கூச்சலிட்டது. பிறர் மொழியை நாம் பிழைபடப் பேசுங்கால் எழும் சிரிப்பை, புலம்பெயர்ந்து வந்த நாம் பொறுத்துக் கொள்கிறோம். அவர் தம் மண்ணிலே தம் மொழியைச் செம்மையாகப் பேசியன்றோ நகைப்பிற்கு ஆளானார்! அன்றிரவே உளம் நொந்த சிலர் கூடி ஆந்திர ஜன சங்கத்திற்கு வித்திட்டனர்.

இச்சூழலில்தான் 1926 மே 10ஆம் நாள் கோல்கொண்டா பத்திரிகை வெளிவந்தது. வாரம் இருமுறை வரும் தெலுங்கு இதழ். அதன் ஆசிரியர் சுரவரம் பிரதாப ரெட்டி, 1896இல் பிறந்தவர். சென்னையிற் கல்வி பயின்றவர். ரெட்டி மாணவர் விடுதியின் பொறுப்பையும் ஏற்று நடத்தியவர். எழுதுவதும் அவரே, அச்சுப் பிழை திருத்துவதும் அவரே, கணக்கு எழுதுவதும் அவரே. நம் மலர்க்குழுவினர் இவ்வரியைப் படித்துப் பெருமூச்செறிவர் என்பது திண்ணம்.

தெலங்காணத்திலே கவிஞரே இல்லை என்னும் பொருள்பட ஒருவர் எழுதினார். கற்றோரும் அதனை நம்பத் தலைப்பட்டனர். இதற்கு விடையாக வசைமாரி பொழிந்திருக்கலாம். சொற்போர் நிகழ்த்தி இதழின் விற்பனையைப் பெருக்கியிருக்கலாம். பிரதாப ரெட்டி அவ்வழி செல்லவில்லை. தெலங்காணப் புலவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளையும் பாடல்களையும் திரட்டத் தொடங்கினார். 1934இல் ‘கோல்கொண்டா கவுல சஞ்சிக’ என்னும் பெயரில் அத்தொகுப்பு வெளிவந்தது. அதில் இடம்பெற்ற கவிஞர் 354 பேர்!

இவ்வெண்ணைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவரோ இருவரோ எனின் விதிவிலக்கு என்று தள்ளிவிடலாம். பத்துப் பெயர் எனினும் வாதம் தொடரும். 354 பெயர்களுக்கு முன் வாதத்திற்கு இடமேது? அத்தொகுப்பில் உள்ளோர் அனைவரும் பெருங்கவிஞர் என்று நாம் கூறவரவில்லை. ஆனால் ஒரு நாடு தன் புலவரைத் தானே எண்ணிப் பார்த்து மகிழ்ந்த நற்செய்தி அது. பிறர் வந்து எண்ணுவர் என்று காத்திருந்தால் அப்பெயர்களிற் பல மண்ணோடு மறைந்திருக்கும்.

1930இல் ஜோகிப்பேட்டையிற் கூடிய முதல் ஆந்திர மகாசபைக்கும் அவரே தலைவர். 1952இல் சட்டமன்ற உறுப்பினரானார், 1953இல் மறைந்தார். அவர் எழுதிய ஆந்திர மக்களின் சமூக வரலாற்று நூலுக்கு 1955இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. தெலுங்கு நூலொன்று பெற்ற முதற் பரிசு அது. அந்நற்செய்தியைத் தம் இதழில் அச்சிட அவர் இல்லை!

அவ்விதழும் பின்னர் நின்றுபோயிற்று. ஆயினும் அத்தொண்டு வேறு வடிவில் இன்றும் நிகழ்கிறது. 2008 அக்டோபர் 15 முதல் ஜஹீராபாத் வட்டாரத்தில் ஒலிக்கத் தொடங்கிய சங்கம் வானொலியை நடத்துவோர் அவ்வூர்த் தலித் பெண்கள். தம் விதை, தம் தினை, தம் பாட்டு ஆகியவற்றையே தம் பேச்சு வழக்கில் ஒலிபரப்புவோர்.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். செகந்தராபாத்தில் ஆங்கிலேயர் படைவீடு அமைந்த நாள்தொட்டுத் தமிழர் இங்கு வாழ்கின்றனர். நம் முன்னோர் இந்நகரில் யாது செய்தனர் என்று பிள்ளைகள் வினவுங்கால், சோமசுந்தர முதலியார் 1862இல் பள்ளி நிறுவினார், அது மகபூப் கல்லூரியாயிற்று, விவேகானந்தர் 1893 பிப்ரவரி 13இல் அங்கே உரையாற்றினார் என்று பெருமிதத்தோடு விடையிறுக்கிறோம். அடுத்த பெயர் யாது என்று அவர்கள் கேட்டால் நமக்குத் தடுமாற்றம். படையிலும் இரயில்வேயிலும் பள்ளிகளிலும் உழைத்த நம் பாட்டன்மார் பாட்டிமார் பெயர்கள் வீட்டுச் சுவரின் பழம் படங்களிலேயே தங்கிவிட்டன. அப்படங்களை அடையாளங் காட்டவல்ல முதியோரும் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர்.

ஆதலின் அடுத்த மலரில் தேர்ச்சி பெற்ற பிள்ளைகளின் பக்கத்திற்கு எதிர்ப்பக்கத்தை அவர்களுக்கென ஒதுக்குமாறு குழுவினரை வேண்டியுள்ளோம். ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் முன்னோரின் பெயர், பிறந்த ஊர், இங்கு வந்த ஆண்டு, செய்த பணி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தைப்பொங்கலுக்கு முன் செயலாளரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறோம். ஆண்டு நினைவில்லையேல் ஊரும் பெயருமே போதும். எழுத்துப் பிழை பார்க்கும் பொறுப்பு நம்முடையது.